கூலருக்கு முன் கேஜ்

ஏர்-கூல்டு போர்ஷே 911 வைத்திருப்பவரிடம் இன்ஜின் ஆயில் சூட்டைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவ்வளவு எளிதில் தப்ப முடியாது. தண்ணீரே இல்லாத இன்ஜினில் சூட்டைச் சுமந்து வெளியேற்றுவதில் ஆயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கென்றே டாஷ்போர்டில் ஒரு முள் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த இன்ஜினுக்கு முன்னால் சுமார் மூன்று லிட்டர் ஆயிலோடு தொங்கும் கியர்பாக்ஸ் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். உரிமையாளர் மெக்கானிக்கைப் பார்ப்பார், மெக்கானிக் கூரையைப் பார்ப்பார்.

1972 மாடலிலிருந்து 1986 வரை 911 காரில் இருந்தது 915 கியர்பாக்ஸ். கியர்களும் டிஃபரென்ஷியலும் ஒரே கேசிங்குக்குள், ஒரே ஆயிலில் குளிக்கின்றன. பந்தயத்துக்கென்று செய்த கரேரா ஆர்.எஸ்.ஆர். கார்களில் கியர்பாக்ஸுக்குத் தனிப் பம்பும் கூலரும் இருந்தன. சாலைக்கு வந்த கரேரா 3.2 மாடலில், 1984 முதல், 915-க்கும் ஒரு பம்பும் வெளியே வளைந்து செல்லும் துடுப்பு வைத்த குழாயும் கிடைத்தன. சூடு ஒரு பிரச்சினைதான் என்று தொழிற்சாலையே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கேஜ் மட்டும் கடைசிவரை வரவில்லை.

கணக்கு எளியது. ஐரோப்பிய கரேரா 3.2-வின் திறன் 231 குதிரைத்திறன், அதாவது 170 கிலோவாட். பற்களின் உராய்விலும் ஆயிலைக் கடைவதிலும் மூன்று சதவீதம் போகிறது என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், முழு வேகத்தில் ஐந்து கிலோவாட் சூடு. குளியலறைக் கீசர் இரண்டை அந்த மூன்று லிட்டர் ஆயிலுக்குள் இறக்கியது போல. சாலையில் யாரும் முழு ஆக்சிலரேட்டரை அரை மணி நேரம் மிதிப்பதில்லை, அதனால் பிழைக்கிறது. 20 கிலோமீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றை அடுத்தடுத்துச் சுற்றுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

சூடு ஏறினால் ஆயில் இளகும், பற்களுக்கிடையே உள்ள படலம் மெலியும், பத்து டிகிரிக்கு ஒருமுறை ஆக்சிஜனேற்றம் ஏறக்குறைய இரட்டிக்கும், பழைய நைட்ரைல் சீல்கள் இறுகி வெடிக்கும். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. குறைவாகப் பேசப்படுவது கேசிங். ஆரம்ப கால 915 கேசிங் மெக்னீசியம், பிறகு அலுமினியம். உள்ளே உள்ள ஷாஃப்டும் பேரிங்கும் எஃகு. ஒரு டிகிரிக்கு மெக்னீசியம் பத்து லட்சத்தில் 26 பங்கு விரியும், அலுமினியம் 23, எஃகு 12. நூறு மில்லிமீட்டர் தூரத்தில், எண்பது டிகிரி ஏற்றத்தில், மெக்னீசியத்துக்கும் எஃகுக்கும் வரும் வித்தியாசம் 0.11 மில்லிமீட்டர். மேசைமேல் ஷிம் வைத்து நூற்றில் ஒரு மில்லிமீட்டர்வரை பார்த்துப் பார்த்துக் கட்டுகிற நாம், அந்தக் கட்டமைப்பு எந்தச் சூட்டில் வேலை செய்யப்போகிறது என்று அறியாமலே காரை அனுப்புகிறோம். எனக்கு இது விசித்திரமாகப்படுகிறது.

குளிர்ந்த பக்கத்தையும் விட்டுவிட முடியாது. ஃபெராரி 308 ஓட்டுபவர்கள் காலையில் முதல் கியரிலிருந்து நேரே மூன்றுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண எஸ்.ஏ.இ. 90 ஆயிலின் பிசுக்கு 40 டிகிரியில் இருப்பது 100 டிகிரியில் இருப்பதைப்போல் எட்டு, பத்து மடங்கு. சிங்க்ரோ ரிங் தன் உராய்வால் கியரை நிதானத்துக்குக் கொண்டுவர, இடையிலுள்ள ஆயிலைப் பிதுக்கித் தள்ளியாக வேண்டும். கெட்டி ஆயில் எளிதில் நகராது. பொறுமையற்ற கை லீவரை அழுத்தும், இரண்டாம் கியர் சிங்க்ரோ தேயும். 915-இலும் இதே கதைதான். இன்ஜின் ஆயில் கேஜ் நடுவுக்கு வந்துவிட்டது என்பதற்காகக் கியர்பாக்ஸும் தயார் என்று நினைப்பது தவறு. அது வெகு தாமதமாகவே சூடேறும். (முதல் லம்போர்கினி மியூராக்களில் இரண்டுக்கும் ஒரே ஆயில். அங்கே ஒரு கேஜ் போதும். மற்ற தொல்லைகள் வேறு. கடைசி எஸ்.வி. கார்களில் பிரித்துவிட்டார்கள்.)

கேஜின் முதல் பயன் எச்சரிக்கை என்பார்கள். நான் நோயறிதல் என்பேன். இரண்டாம் கியர் முப்பது டிகிரியில் முரண்டு பிடித்து எழுபதில் வெண்ணெயாக விழுந்தால், முதலில் ஆயிலின் தரத்தைப் பாருங்கள்; பெட்டியைப் பிரிக்க வேண்டாம். குளிரில் நன்றாக இருந்து நூறைத் தாண்டியதும் கரகரத்தால், சந்தேகம் தேய்ந்த சிங்க்ரோ மீதும் இளகிய ஆயில் மீதும் போக வேண்டும். எந்தச் சூட்டிலும் ஒரே மாதிரி தொல்லை தந்தால் ஷிஃப்ட் புஷ்களையும் கிளட்ச் கேபிளையும் சரிபாருங்கள். இந்த மூன்றையும் பிரித்தறியாமல் எத்தனை 915 பெட்டிகள் வீணாகத் திறக்கப்பட்டிருக்கும்!

சென்சார் பொருத்துவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கேசிங்குக்கு வெளியே இன்ஃப்ராரெட் துப்பாக்கியைக் காட்டினால் பளபளக்கும் உலோகம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்; மங்கிய கறுப்பு பெயின்ட் ஒரு பொட்டு வைத்துவிட்டு அதன்மேல் அளந்தால் ஓரளவு நம்பலாம். அப்போதும் அது கேசிங்கின் சூடுதான். லெவல் பிளக் இருக்குமிடத்தில் சென்சார் வைத்தால், கார் நிற்கும்போது அது ஆயிலில் இருக்கும். ஓடும்போது பற்கள் ஆயிலை வாரி இறைத்துவிட, மட்டம் இறங்கிக் காற்றையும் நுரையையும் அளந்துகொண்டிருக்கும். அடியில், டிரெயின் பிளக்கில் வைப்பதே சரி. தரையில் இடிபடாதபடி காப்பு வேண்டும். கூலர் இருக்கும் காரில் ஆயில் அதற்குள் நுழையும் முன் அளக்க வேண்டும், குளிர்ந்து திரும்பும் குழாயில் அளந்து மகிழ்வதில் பயனில்லை.

அடுத்தது எர்த். வழக்கமான ஒற்றை முனை சென்சார், சூடு ஏற ஏறத் தன் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும். அதன் எர்த் கேசிங் வழியாகப் போகிறது. 911-இல் இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுன்டில் உட்கார்ந்திருப்பதால், பாடிக்கு எர்த் தருவது ஒரு பின்னல் பட்டை. அது துருப்பிடித்தாலோ, மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி வைத்தாலோ கூடுதல் தடை சேரும். கேஜ் குறைந்த சூட்டைக் காட்டும். பிழை எப்போதும் ஆபத்தான பக்கமே சாயும் என்பதை மறக்கக் கூடாது. பொருத்துமுன் சென்சாரைக் கொதிக்கும் நீரில் போட்டு, காரின் வயரிங்கோடு சேர்த்தே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இனி கூலர். எலெக்ட்ரிக் பம்ப், ஹோஸ், ரேடியேட்டர் என்று ஒரு கிட்டை வாங்கிவந்து "மாட்டிவிடுங்கள்" என்று உரிமையாளர் நிற்பது இப்போது வழக்கமாகிவிட்டது. தேவையா என்று யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். தேவையற்ற கூலர் ஆயிலை எப்போதும் கெட்டியாகவே வைத்திருக்கும். கசிய நான்கு இடம் கூடும். குளிர்ந்த கியர் ஆயிலை இழுக்கும் பம்ப் ஃபியூஸை எரிக்கும், இல்லையேல் தன்னையே எரித்துக்கொள்ளும். எண்பது டிகிரிக்குக் கீழே பம்ப் ஓடக் கூடாது என்பது என் கருத்து. அதை அறியவும் கேஜ்தான் வேண்டும். மினரல் ஆயில் உள்ள சாலைக் கார் நூற்றுப் பத்தைத் தாண்டாவிட்டால் கூலரை வாங்க விடாதீர்கள். நூற்று இருபதுக்கு மேல் நீடித்து நின்றால், வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். இடைப்பட்ட நிலையில் நல்ல சின்தெடிக் ஆயிலும் அடிக்கடி மாற்றுவதுமே போதும்.

ஒரு வேண்டுகோள். கியர்பாக்ஸ் வேலைக்கு வரும் ஒவ்வொரு பழைய காரின் ஜாப் கார்டிலும் வெளிச் சூடு, ஓட்டிய விதம், நின்றபோதும் பத்து நிமிடம் கழித்தும் இருந்த ஆயில் சூடு, ஊற்றிய ஆயிலின் தரம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது அதே கார்டில் மீண்டும் எழுதுங்கள்.