அச்சேறாத சட்டமும் அறியாத குடியும்

சட்டத்தை அறியாமை குற்றத்துக்கு விலக்காகாது என்பது நீதிமன்றங்களின் பழைய பல்லவி. 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையும் இதனையே விதிக்கிறது. நிகழ்வு பற்றிய தவறான எண்ணம் ஒருவனைக் காக்கலாம். சட்டம் பற்றிய தவறான எண்ணம் அவனைக் காவாது. நல்லது. குடிமகன் சட்டத்தை அறிந்தேயிருத்தல் வேண்டுமென அரசு கட்டளையிடுமாயின், அதனை அவன் அறியத் தருவது அரசின் முதற் கடன் அன்றோ? குடிமகனிடமிருந்து தனக்குச் சேரவேண்டியதைத் தண்டத்தோடு அறவிடும் அரசு, தான் பட்ட கடனைப் பற்றி வாய் திறவாதிருப்பது எந்த நியாயம்? இக்கடன் தீர்க்கப்படவேண்டிய இடம் பாராளுமன்றமுமன்று, நீதிமன்றமுமன்று. பொரளையில் அமைந்துள்ள அரசாங்க அச்சகமே அது.

மேலிடம் அனுப்புவதை எழுத்துக் கோத்து, தாளிற் பதித்து, கட்டாகக் கட்டி அனுப்பும் வேலைத்தலம் என்றே நம்மவருட் பலர் அச்சகத்தை எண்ணுகின்றனர். உண்மை வேறு. 1737இல் ஒல்லாந்தர் கொழும்பில் அச்சியந்திரத்தை நிறுவிய காலந்தொட்டு, அச்சும் ஆட்சியும் இத்தீவில் ஒட்டிப் பிறந்தவை. 1802 மார்ச் 15இல் ஆங்கிலேயர் வர்த்தமானியை வெளியிடத் தொடங்கினர். அன்று தொட்டு ஆள்வோனின் விருப்பம் ஆணையாக உருமாறும் வாயில் அதுவே. 2018 நவம்பர் 9 இரவு வெளியான ஓர் அதிவிசேட வர்த்தமானி பாராளுமன்றத்தையே கலைத்தது. அது அரசியலமைப்புக்கு முரணானதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க டிசம்பர் 13 வரை செல்லவேண்டியிருந்தது. 2023 மார்ச் 9இல் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தலோ, திறைசேரி பணத்தை விடுவிக்காமையால் வாக்குச்சீட்டு அச்சிடும் வேலையே தடைப்பட, ஒத்திப்போடப்பட்டது. மக்கள் 2025 மே 6 வரை காத்திருந்தனர். அச்சகம் அச்சிடுவதும் அரசியல், அச்சிடாதிருப்பதும் அரசியல். அங்கே எழுத்துக் கோக்கும் தொழிலாளி மீது நமக்குக் குறையில்லை. எதனை, எப்போது, எம்மொழியில் அச்சிடுவதென அவர் தீர்மானிப்பதில்லை; தீர்மானிப்பவர்களைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

இந்நாட்டில் எழுதப்பட்ட சட்டம் எவருக்காக எழுதப்பட்டது? 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமை, தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் ஒப்புதலைப் பெற்றது. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுவளித்தனர். மக்களின் வழமை மக்களின் மொழியில் மீண்டும் அவர்களிடமே காட்டப்பட்டதெனச் சிலர் இதனைப் பெருமையாகக் கூறுவர். ஆனால், அத்தொகுப்பு அடிமைகளைப் பற்றியும் பேசியது. அடிமைகளிடம் எவராவது ஒப்புதல் கேட்டனரா? சட்டம் தமிழில் இருந்தமை மட்டும் அது மக்களின் சட்டமாவதற்குப் போதுமானதன்று என்பதை அப்பன்னிருவர் நமக்குக் கற்பிக்கின்றனர். ஆயினும், மக்களின் மொழியிலேனும் இல்லாத சட்டம் மக்களின் சட்டம் ஆகவே முடியாது.

பின்னர் நடந்தது என்ன? தண்டனைச் சட்டக்கோவை, 1889இன் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 1895இன் சான்றுக் கட்டளைச் சட்டம் யாவும் ஆங்கிலத்தில் ஆக்கப்பட்டன. ஆங்கிலேயன் போனான், 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதன் விளைவை அன்றே பாராளுமன்றத்தில் எச்சரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. அதே கொல்வின் அமைச்சராயிருந்து உருவாக்கிய 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சட்டங்கள் யாவும் சிங்களத்தில் ஆக்கப்படவேண்டுமென்றும், தமிழில் அவற்றின் மொழிபெயர்ப்பு இருக்கவேண்டுமென்றும் விதித்தது. மூலம் ஒருவனுக்கு, நிழல் மற்றவனுக்கு! இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றில் இது துடைக்கவியலாத கறை. கறையை மறைப்பதால் இயக்கம் வலுப்பெறாது. அதனைச் சுட்டிக்காட்டுவதே இயக்கத்தின்பால் உள்ள உண்மையான பற்று.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. 1988இல் 16ஆவது திருத்தம், சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட்டு வெளியிடப்பட வேண்டுமென்றது. ஆனால், உரைகளிடையே முரண்பாடு தோன்றின் எவ்வுரை மேலோங்கவேண்டுமென்பதை ஒவ்வொரு சட்டத்தையும் நிறைவேற்றும்போது பாராளுமன்றமே தீர்மானிக்கலாம் என ஒரு கதவையும் அது திறந்துவைத்தது. அதன் பின்னர் நிறைவேறிய சட்டங்களின் கடைசிப் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். சிங்கள உரையே மேலோங்கும் என்ற வாசகம் ஒன்றன்பின் ஒன்றாக உங்களை எதிர்கொள்ளும். பழைய சட்டங்களுக்கோ, அவை முதலில் ஆக்கப்பட்ட மொழியே, அதாவது ஆங்கிலமே மேலோங்கும். பழையதில் ஆங்கிலம், புதியதில் சிங்களம். தமிழ் உரை எங்கே மேலோங்குகிறது? அரசகரும மொழி என்ற பட்டத்தைச் சூட்டிவிட்டு, சொல்லுக்கு வலுவில்லாமற் செய்வது பந்தியில் இருத்தி வெறும் இலையைப் போடுவதற்கு ஒப்பானது.

இதனைச் சிங்கள மக்களுக்கு எதிரான முறைப்பாடாக எவரும் திரிக்கவேண்டாம். மாத்தறை மீனவனும் மொனராகலை விவசாயியும், தம்மைத் தண்டிக்கும் 1883ஆம் ஆண்டுச் சட்டத்தின் மேலோங்கும் உரையைத் தம் தாய்மொழியிற் காணமாட்டார். சிங்களத்தில் அச்சாகும் புதிய சட்டங்களும் சட்டத்தரணிக்குக் கட்டணம் செலுத்தியே விளங்கிக்கொள்ளத்தக்க நடையில் உள்ளன. சட்டத்தை மக்கள் கண்ணினின்றும் மறைப்பதால் இலாபம் பெறும் வர்க்கத்துக்கு மொழி ஒரு கருவியே. தமிழனுக்கு இரட்டைச் சுவர். சிங்கள உழைப்பாளிக்கு ஒற்றைச் சுவர். சுவரைக் கட்டிய கை ஒன்றே.

காலத்தாலும் சட்டத்தை மறைக்கலாம். 1946இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தன் நாட்டு மக்களுக்கு ஒரு பாதுகாப்பை வழங்கியது. நியதிச் சட்ட ஆவணமொன்றை மீறினான் எனக் குற்றஞ்சாட்டப்படுபவன், குற்றம் நிகழ்ந்த நாளில் அது அரச வெளியீட்டகத்தால் வெளியிடப்பட்டிருக்கவில்லை என நிரூபிப்பானாயின், அது அவனுக்கு எதிர்வாதமாகும். வேறு வழிகளில் அது அறிவிக்கப்பட்டதென அரசே காட்டவேண்டும். அதற்கு அடுத்த ஆண்டு, ஆங்கிலேயராட்சி முடியுமுன், இலங்கைக்குக் கிடைத்ததோ 1947இன் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அதன்படி அவசரகால ஒழுங்குவிதி ஆக்கப்பட்ட அக்கணமே வலுப்பெறும். வீட்டில் ஒரு நீதி, குடியேற்றத்தில் ஒரு நீதி! சுதந்திரத்துக்குப் பின் வந்த ஆட்சியாளர் அக்கட்டளைச் சட்டத்தைத் தூக்கியெறிந்தனரா? இல்லை, மாறிமாறிக் கையாண்டனர்.

அயலிலுள்ள இந்தியாவில் வேறொரு குரல் எழுந்தது. செய்ப்பூர் மன்னராட்சியின் அமைச்சரவை 1923இல் ஓர் அபின் சட்டத்தைத் தீர்மானமாக நிறைவேற்றியது. ஆயின் அதனை வெளியிடவில்லை. அச்சட்டத்தின் கீழ் ஹார்லா என்பவர் தண்டிக்கப்பட்டார். 1951இல் வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. மக்கள் அறியவோ கேட்கவோ வழியில்லாத சட்டத்தால் அவர்களைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு மாறானதென நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. பூட்டிய அறையில் நாலுபேர் கூடி நிறைவேற்றிய தீர்மானம் சட்டமாகாது. அது வெளிச்சத்துக்கு வரவேண்டும்.

நம் நாட்டிலோ, நாட்டின் அடிப்படைச் சட்டத்தையே வெளிச்சத்துக்கு வராமல் திருத்தினர். 2010இல் 18ஆவது திருத்தச் சட்டமூலம் அவசரச் சட்டமூலம் என்ற பெயரில், வர்த்தமானியிற் பிரசுரமாகாமலே உயர் நீதிமன்றத்துக்குச் சென்று, செப்டெம்பர் 8இல் நிறைவேறியது. சனாதிபதியின் பதவிக்கால வரம்பு ஒழிந்தது. சட்டமூலமொன்று சட்டமாகிவிட்டால் எந்த நீதிமன்றிலும் அதன் செல்லுபடியைக் கேள்விக்குட்படுத்த இயலாத நாட்டில், முன்கூட்டிய பிரசுரம் வெறுஞ் சடங்கன்று. மக்களுக்கு எஞ்சியுள்ள ஒரே அவகாசம் அது. சிங்கள உரை இன்று, தமிழ் உரை பிறகு என்று தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அவ்வவகாசத்திலிருந்து திருடப்பட்ட நாளாகும்.

மொழிபெயர்ப்பாளர் போதாதென்பர். யாரால் போதாது? படித்த இளைஞர் வேலையின்றி வீதியில் நிற்கும் நாட்டில் இவ்விடை சொல்ல நாக்கூசவேண்டும். வர்த்தமானி இப்போது கணினித் திரையிலேயே கிடைக்கிறதே என்பர். திரையில் ஏற்றுவது அச்சாளன் கடமையின் தொடக்கம்; அதன் முடிவன்று. தோட்டத்து லயத்தில் வாழும் தாய்க்கு அது எட்டாதவரை, அது பேழைக்குள் பூட்டிய விளக்கே. இரு உரைகளும் சமவலு பெற்றால் குழப்பம் விளையும் என்பர். கனடாவில் 1982 முதல் ஆங்கில, பிரெஞ்சு உரைகள் இரண்டும் சமவலுவுடையவை என்பது அரசியலமைப்பின் விதி. அந்நாடு அதனாற் குழம்பி அழிந்துவிடவில்லை.

எனவே நம் கோரிக்கை தெளிவானது. சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நாளில் வெளியிடப்படாத எச்சட்டமும், எவ்வொழுங்குவிதியும் எவரையும் தண்டிக்கலாகாது. இரு உரைகளும் சமவலு பெறுதல் வேண்டும். அச்சான பிரதி ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், ஒவ்வொரு பாடசாலை நூலகத்திலும், ஒவ்வொரு கிராமத்து வாசிகசாலையிலும் இலவசமாகக் கிடைத்தல் வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! சட்டத்தை வாசிப்பது சட்டத்தரணியின் தனிச்சொத்தன்று. வாசிகசாலை மேசையில் நாளிதழுக்கருகே வர்த்தமானியையும் விரியுங்கள். தமிழ் உரையைச் சிங்கள உரையோடு ஒப்பிட வல்லோர் ஒப்பிடட்டும். பிழையைக் கண்டால் ஊரறியச் சொல்லட்டும். அச்சிட்டது அரசாயினும் வாசிப்பவர் நாமே. மக்கள் வாசிக்கத் தொடங்கிய சட்டத்தை மக்களுக்கு மறைத்து எழுதுவது எளிதன்று.