ரோடு வண்டிக்கா, மனுஷனுக்கா?



உங்க வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு குழந்தையைக் கையில் பிடிச்சுக்கிட்டு நடந்து பாருங்க. நடைபாதையில் கார் நிக்குது, டிரான்ஸ்பார்மர் நிக்குது, வடிகால் மூடி உடைஞ்சு கிடக்கு. கடைசியில் ரோட்டில் இறங்கித்தான் நடக்கணும். இதைத் தலைவிதின்னு நாம ஏத்துக்க வேண்டியதில்லை.

சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிடப்பட வேண்டும் என்கிறது அது. நடைபாதையில் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது இந்திய சாலைக் காங்கிரஸ் விதி. நடைபாதை மக்களின் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. காகிதத்தில் எல்லாம் இருக்கு. தெருவில் எங்கே?

இது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயமும்தான். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி செய்யணும், விறுவிறுப்பா நடந்தாலே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பஸ் ஸ்டாப்புக்குப் போக 15 நிமிஷம், வர 15 நிமிஷம். 5 நாளில் கணக்கு முடிஞ்சுது. சுகர், பிரஷர்னு மாத்திரை வாங்கும் உழைப்பாளி ஜிம்முக்கும் பணம் கட்டணுமா? நல்ல நடைபாதை, மரநிழல், நேரத்துக்கு வரும் பஸ் இருந்தா போதாதா? பஸ் அரை மணி நேரம் வரலைன்னா கடன் வாங்கியாவது பைக் எடுக்கத்தான் செய்வாங்க. நெரிசலும் புகையும் அப்படித்தான் பெருகுது.

இன்னொன்றையும் தெளிவாச் சொல்லிடுறோம். நடைபாதையைச் சீரமைக்கிறோம் என்று சொல்லி பூ விற்கும் அம்மாவையும் இட்லிக் கடை அக்காவையும் விரட்டுவதை ஏற்க முடியாது. தெரு வியாபாரிகளுக்கும் 2014-ல் வந்த சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அவர்களுக்கு முறையாக இடம் ஒதுக்குங்கள். நாள் முழுக்க இலவசமா இடம் பிடிச்சு நிற்கும் காரை முதலில் எடுங்கள்!

உங்க வார்டில் ஏரியா சபை கூடும்போது அவசியம் போங்க. மூணே கேள்வி கேளுங்க:

👉 இந்த வருஷம் நம்ம வார்டில் நடைபாதைக்கு எவ்வளவு செலவு செஞ்சீங்க?

👉 பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் போகும் வழியில் 1.8 மீட்டர் நடைபாதை எப்போ வரும்?

👉 நம்ம தடத்தில் பஸ்ஸை எப்போ கூட்டுவீங்க?

பதிலை எழுத்தில் வாங்குங்க. உடைந்த நடைபாதையைப் படம் எடுத்து, தெருப் பெயரோடு கமெண்டில் போடுங்க. கவுன்சிலரிடம் சேர்ந்தே போய்க் கேட்போம்!

#நடைபாதை_நம்_உரிமை