டிராக்டருக்கு எதுக்குங்க கார் ஃபேன்?

டீசல் மிச்சமாகும்னு சொல்லி, டிராக்டரோட பெல்ட் ஃபேனைக் கழட்டிட்டு, பேட்டரியில ஓடுற கார் ஃபேனை மாட்டிவிடுறாங்க. நான் வாங்கின பழைய வண்டியும் அப்படித்தான் வந்துச்சு. முதல் வேலையா கம்பெனி ஃபேனையே திரும்பப் போட்டேன்.

உங்க காருக்கு அது சரிங்க. ஓடும்போது எதிர்காத்தே ரேடியேட்டரைக் குளிர வைக்கும். சேத்துல உழுற டிராக்டர் மனுஷன் நடக்கிற வேகத்துலதான் போகும். எஞ்சினோ முழு மூச்சா உழைக்கும். காத்து முழுக்க ஃபேன்தான் தரணும். பெல்ட் ஃபேன் எஞ்சினோட சேர்ந்தே வேகமெடுக்கும். மத்தது ஃபியூஸ் போனாலே நின்னுடும்.

ஃபேனைச் சுத்தி இருக்கிற கூண்டையும் விடாம மாட்டணும். அது இல்லேன்னா ரேடியேட்டர் வழியா காத்து சரியா இழுக்காது.

நடவுக்கு ஆள் வந்து நிக்கிற அன்னிக்கு வண்டி கொதிச்சு நின்னா, மிச்சம் பிடிச்ச டீசல் கூலி கொடுக்குமா?