பழைய சில்லை ஏன் இரும்புக்குப் போட்டீர்கள்?

அப்பாவின் மொரிஸ் மைனர் மூன்று மாதமாக வெருகலில், வீட்டு மாமரத்தடியில், கியர்பொக்ஸ் கழற்றினபடி நிற்கிறது. 2011இல் பாலம் திறக்கும்வரை பாதையில் ஏறி வெருகல் ஆற்றைக் கடந்து, வாகரைப் பக்கம் எத்தனை கல்யாண வீட்டுக்குப் போய்வந்த கார்! ஒரு பிளைவீலுக்காகக் கிடக்கிறது.

விளிம்புப் பல்லுத் தேய்ந்து, ஸ்டார்ட்டர் கடிக்காமல் சும்மா சுற்றியது. கராஜ்காரர் வந்து கழற்றினார்கள். புதியது வந்துசேர முன்னமே பழைய பிளைவீலையும் கிளச் கவரையும் இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். "மைனருக்கு எல்லாம் ஒரே சாமான்தானே அண்ண" என்றான் பொடியன்.

ஒரே சாமான் இல்லை தம்பி. 1956இல் வந்த மைனர் 1000இன் எஞ்சின் 948 சீசீ, அதன் கிளச் ஆறேகால் அங்குலம். 1962இல் எஞ்சினை 1098 ஆக்கினபோது கிளச் ஏழேகால் அங்குலமாகி, அதற்கேற்ப பெல்ஹவுசிங்கும் பெருத்தது. கொடுமை என்னவென்றால், கிராங்கில் இரண்டு பிளைவீலும் ஏறும். போல்ட்டும் இறுகும். பார்க்கிறவனுக்குச் சரியாகத்தான் தெரியும்.

டைனமோவுக்கு மேலே பிளொக்கில் அறைந்திருக்கும் சின்னத் தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தேன். 10எம்ஏ என்று தொடங்கியது. அப்படியென்றால் 1098. இலக்கத்தைத் துண்டில் எழுதிக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, 1098இன் பிளைவீலும் கிளச்சும் வாங்கி, அந்தப் பாரத்தை மடியில் வைத்தே கொண்டுவந்தேன். பூட்டிவிட்டுக் கியர்பொக்ஸைத் தள்ளினால், கிளச் கவர் பெல்ஹவுசிங்கின் உள்சுவரில் முட்டி நிற்கிறது. இரண்டு பேர் தள்ளியும் போகவில்லை.

கியர்பொக்ஸ் பழைய 948இனுடையது! எப்போதோ எஞ்சினை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மாற்றின பாஸ் கெட்டிக்காரர். 948இன் பிளைவீலையும் கிளச்சையும் 1098இல் பூட்டி, பழைய கியர்பொக்ஸோடு பொருத்தி ஓடவிட்டிருக்கிறார். அவரும் இல்லை, அப்பாவும் இல்லை. அந்தச் சில்லின் முகத்தில் கிளச் கவர் பூட்டும் ஓட்டைகளுக்கு ஒரு அடிமட்டம் பிடித்திருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். இப்போதுள்ள விலைக்கு எங்களைப் போன்றவர்கள் புதுக் கார் வாங்குவதா? மைனருக்கு உடற்தகடு அடித்து இங்கிலாந்துக்கே அனுப்பின நாடு இது. இருக்கிற சாமானைக் காப்பாற்ற ஏன் எங்களால் முடியவில்லை? கராஜ்காரத் தம்பிமாரே, புதியது பூட்டி, கார் ஓடி, நாலு நாள் போகும்வரை பழையதைச் சாக்கில் சுற்றிக் காருக்குள்ளேயே வையுங்கள். உங்களுக்கு அது நிறுவைக்குப் போகிற இரும்பு. எங்களுக்கு அளவு காட்ட வேறொன்றும் இல்லை.

கோயில் கொடியேறினால் அம்மா இந்தக் காரில்தான் வேலாயுத சுவாமியிடம் போவா. இந்த முறை ஓட்டோ பிடித்துக் கொடுத்தேன். ஏறும்போது மாமரத்தடியைத் திரும்பிப் பார்த்தா.