இலந்தையில் புழு

"மருந்தடிக்காத பழம் வேணும்"னு கேட்கிறீங்க. அனுப்பினா, புழு இருக்குன்னு போட்டோ எடுத்து அனுப்புறீங்க. ரெண்டும் எப்படிங்க நடக்கும்?

இலந்தை பிஞ்சா இருக்கும்போதே பழ ஈ தோலுக்கு அடியில முட்டை வச்சிடும். புழு கொட்டையைச் சுத்தி சதையைத் தின்னு வளரும், அப்புறம் மண்ணுக்குள்ள போயி கூட்டுப்புழு ஆகும். கழுவினா போற விஷயமில்லை. விழுந்த பழத்தையெல்லாம் நான் தினமும் பொறுக்கி அப்புறப்படுத்துறேன். அதையும் மீறி வரத்தான் செய்யும். மருந்தடிச்சா குறையும், நீங்களும் போட்டோ அனுப்ப மாட்டீங்க. மருந்துதான் கண்ணுக்குத் தெரியாதே!

எங்க ஊர்ப் பிள்ளைங்க பிட்டுப் பார்த்து, புழு இருந்தா அந்தப் பக்கத்தைக் கிள்ளி எறிஞ்சிட்டு மீதியைத் தின்னுதுங்க. தெரியாம ஒண்ணு உள்ளே போனதுக்கு யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினதில்லை. உள்ளே கறுத்து அழுகினதை மட்டும் தூக்கிப் போடுவோம்.

நான் மருந்தடிக்கப் போறதில்லை. பிட்டுப் பார்க்கச் சோம்பல்படுறவங்க வேற இடத்தில் வாங்கிக்கலாம்.