சும்மா கிடைக்கிற நாய்க்குட்டி

“நல்ல குட்டி, காசு வேண்டாம், கொண்டு போங்கோ.” இப்படித்தான் எங்கட வீட்டுக்கு ஜிம்மி வந்தது. காசு இல்லாமல் வந்ததால செலவைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கவில்லை.

மூன்றாம் மாதம் வாந்தி, இரத்த வயிற்றோட்டம். பார்வோ எண்டு மிருக வைத்தியர் சொன்னார். ஐந்து நாள் சேலைன். எப்படியோ பிழைச்சிட்டுது. ஆனால் அந்த ஐந்து நாளுக்கு முடிஞ்ச காசு, நாங்கள் போடாமல் விட்ட தடுப்பூசிகளின்ர காசைவிடப் பலமடங்கு. குட்டிக்கு 6–8 கிழமையில முதல் ஊசி போட்டு, பிறகு 16 கிழமை வரைக்கும் 3, 4 கிழமைக்கு ஒருக்காப் போடவேணும். விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகப் போடுது. பார்வோவுக்கு எங்கட காசுதான்.

சாப்பாட்டுக்கு வருவம். நாளுக்கு வெறும் 150 ரூபா எண்டு வையுங்கோ. வருசம் 54,750. நாய் 12 வருசம் இருந்தால் 657,000 ரூபா. இதுக்குள்ள உண்ணி மருந்தும் இல்லை, பூச்சி மருந்தும் இல்லை, வயசான காலத்து வைத்தியமும் இல்லை.

“அந்தக் காலத்தில மிச்சச் சோறும் மீன்தலையும் போட்டுத்தானே வளர்த்தம்?” எண்டு அம்மம்மா கேட்பா. உண்மைதான். ஆனால் அந்த நாய்கள் எத்தனை வருசம் உயிரோட இருந்ததெண்டு ஆரும் எண்ணினதில்லை. பெட்டைக் குட்டிகளை உரப்பையில கட்டிச் சந்தையடியில விட்டதும் அதே காலந்தான். இண்டைக்கும் அது நிக்கவில்லை. நாய் சினைப்பட்டால் இரண்டு மாதத்தில குட்டி போடும். ஒரு கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குக் காசில்லை எண்டு நாங்கள் சொல்லுற இடத்திலதான் தெருநாய்ப் பிரச்சினை தொடங்குது. நாங்கள் கட்டாத கணக்கை அந்தக் குட்டிகள் கட்டுதுகள்.

இன்னொரு கணக்கும் இருக்கு. எங்கட வயசுக்காரர் கம்பஸுக்குப் போவம், கொழும்புக்கு வேலைக்குப் போவம், கனபேர் வெளிநாடும் போவம். நாய் 12 வருசமும் வீட்டிலதான் நிக்கும். ஆசைப்பட்டது நாங்கள், செலவழிக்கிறது அம்மா. இது நியாயமே இல்லை.

ஆகவே ஒரு யோசனை. குட்டி எடுக்க முதல் மூன்று மாதம், நாய் இருக்கிற மாதிரியே நினைச்சு மாதம் 5,000 ரூபா ஒதுக்கிப் பாருங்கோ. முடிஞ்சால் எடுங்கோ. அந்தச் சேமிப்பு தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் முதற்காசாகும். நீங்கள் ஊரில இல்லாதபோது ஆர் பார்க்கிறது, ஆர் காசு அனுப்புறது எண்டதையும் வீட்டில முதலே பேசி முடிவெடுங்கோ.

முடியவில்லையெண்டால் வெட்கப்பட ஒண்டுமில்லை. நாலு கூட்டாளிகள் காசு போட்டு, ஒழுங்கையில நிக்கிற ஒரு பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்விக்கலாம். அதுவும் பாசந்தான்.