எழுத்தைப் படி... அப்புறம் லென்ஸைப் பிடி!

கேமரா கைக்கு வந்து ஆறு மாசம் ஆனா, எல்லாருக்கும் ஒரு வியாதி வரும். 18-55 கிட் லென்ஸ் போரடிக்க ஆரம்பிக்கும். காலேஜ் கிரவுண்ட்ல கபடி மேட்ச் எடுத்தா, ரெய்டு போறவர் எறும்பு சைஸுக்குத் தெரிவார். வேடந்தாங்கல் போனா, கூழைக்கடாவும் நாரையும் மரத்துல ஒட்டின பஞ்சு மாதிரி விழும். 'ஒரு டெலி ஜூம் மட்டும் கிடைச்சா பின்னிடலாம் மச்சி' என்று அன்னிக்கே உண்டியல் வைப்பீங்க.

உண்டியல் நிறைய ஒரு வருஷம் ஆகலாம். ஆனா அந்தப் பணம் வீணாக ரெண்டே ரெண்டு எழுத்து போதும். லென்ஸ் மேல இருக்க வேண்டிய ரெண்டு எழுத்து!

கடைக்குப் போனா, "300 எம்.எம். தம்பி... நிலாவே பக்கத்துல வந்துரும்" என்பார் கடைக்கார அண்ணன். அவர் சொல்றது பொய் இல்லை. ஆனா 300-க்கு முன்னாலயும் பின்னாலயும் வரிசையா சில எழுத்துகள் இருக்கே... அதைப் பத்தி பெரும்பாலும் அவரும் பேச மாட்டார், நாமும் கேட்க மாட்டோம். லென்ஸோட முழு ஜாதகமும் அந்த எழுத்துகள்லதான் இருக்கு. வாங்க, ஒரு ஜாதகத்தைப் பிரிச்சுப் பார்ப்போம்.

'ஏ.எஃப்-பி டி.எக்ஸ் நிக்கோர் 70-300 எம்.எம். எஃப்/4.5-6.3 ஜி இ.டி வி.ஆர்.'

மூச்சு வாங்குதா? இது நிக்கான் லென்ஸ் ஒன்றின் பெயர். ஒவ்வொரு துண்டா எடுத்துக்குவோம்.

70-300: எவ்வளவு தூரம்?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். ஜூம் வேற, டெலி வேற. ஜூம்னா லென்ஸை மாத்தாமலேயே குவியத் தூரத்தை மாத்த முடியும், அவ்வளவுதான். டெலின்னா தூரத்துல இருக்கிறது பெருசா தெரியும். நம்ம 18-55-ம் ஜூம்தான். ஆனா டெலி இல்லை. அதனால 'எத்தனை எக்ஸ்?' என்ற கேள்வி இங்கே உதவாது. 18-55-ஐ வகுத்தா 3 எக்ஸ் வரும், 70-300-ஐ வகுத்தா 4 எக்ஸ் சொச்சம் வரும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும், எட்டிப் பிடிக்கிற தூரத்துல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெரிய நம்பரைப் பாருங்க. 300-தான் மேட்டர்.

'உங்க கேமராவுல போட்டா இது 450 ஆயிடும்' என்றும் சிலர் சொல்வாங்க. லென்ஸ் அப்படியேதான் இருக்கு. ஸ்டூடன்ட் பட்ஜெட் கேமராக்கள்ல சென்ஸார் சின்னது. லென்ஸ் கொடுக்கிற படத்தோட நடுப்பகுதியை மட்டும் அது பிடிக்குது. நிக்கான்ல 1.5 மடங்கு, கேனான்ல 1.6 மடங்கு நெருங்கின மாதிரி தெரியும். பறவை எடுக்கிறவங்களுக்கு லாபம்தான்!

எஃப்/4.5-6.3: எவ்வளவு வெளிச்சம்?

லென்ஸ் மேல இது 1:4.5-6.3 என்றும் அச்சாகியிருக்கும். ரெண்டும் ஒண்ணுதான். 70-ல வைக்கும்போது 4.5 வரைக்கும் திறக்கும், 300-க்குப் போனா 6.3 வரைக்கும்தான். நம்பர் சின்னதா இருந்தா வாசல் பெருசு.

கணக்கு சிம்பிள். குவியத் தூரத்தை இந்த நம்பரால வகுத்தா வாசலோட அகலம் வந்துடும். 300-ஐ 6.3-ஆல வகுத்தா சுமார் 48 எம்.எம். அதே 300-ஐ 2.8-ஆல வகுத்தா 107 எம்.எம்! அவ்வளவு பெரிய கண்ணாடிக்குத்தான் அவ்வளவு காசு, அவ்வளவு வெயிட். கல்யாண போட்டோகிராஃபர் அண்ணன்கள் தூக்கிட்டுத் திரியற 70-200 எஃப்/2.8 லென்ஸ்கள்ல பல ஒன்றரைக் கிலோவைத் தொடும். நம்ம ஜாதகக்காரர் 415 கிராம்தான்.

இதுல ஒரு எச்சரிக்கை. எஃப்/6.3-ஐ விட எஃப்/2.8-ல சுமார் 5 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதனால ஆடிட்டோரியத்துல கல்ச்சுரல்ஸ் எடுக்கணும்னு மட்டுமே டெலி ஜூம் வாங்கப் போறீங்கன்னா, கொஞ்சம் நில்லுங்க. இருட்டுல இந்த லென்ஸ் திணறும். ஒரு 50 எம்.எம். எஃப்/1.8 லென்ஸை மாட்டிக்கிட்டு, கோ-ஆர்டினேட்டரை ஐஸ் வெச்சு முதல் வரிசைக்குப் போயிடுங்க. செலவும் குறைவு, படமும் பளிச்.

வி.ஆர்: அந்த ரெண்டு எழுத்து!

300-ல வெச்சு வியூஃபைண்டர்ல பாருங்க. நீங்க அசையாம நிக்கறதா நினைப்பீங்க, படம் பூகம்பம் வந்த மாதிரி ஆடும். தூரத்தைப் பெருசாக்குற லென்ஸ், கை நடுக்கத்தையும் சேர்த்துத்தான் பெருசாக்கும். இதை அடக்க லென்ஸுக்குள்ளேயே ஒரு கண்ணாடித் தொகுதி எதிர்த் திசையில நகரும். இந்த வித்தைக்கு நிக்கான் வெச்ச பேர் வி.ஆர். கேனான்ல ஐ.எஸ்., சோனியில ஓ.எஸ்.எஸ்., டாம்ரான்ல வி.சி., சிக்மாவுல ஓ.எஸ். பேர்தான் வேற, வேலை ஒண்ணுதான்.

கையில பிடிச்சு எடுக்க ஒரு பழைய கணக்கு உண்டு. 450 மாதிரி தெரியற லென்ஸுக்கு ஷட்டர் ஸ்பீடு நொடியில 500-ல் ஒரு பங்காவது வேணும். இந்த வி.ஆருக்கு நிக்கான் சொல்ற அளவு 4 ஸ்டாப். அதாவது காகிதக் கணக்குல 30-ல் ஒரு பங்கு வரைக்கும் இறங்கலாம். நிஜத்துல கொஞ்சம் குறைச்சே நம்புங்க. சாயங்கால வெளிச்சத்துல மரக்கிளையில உட்கார்ந்திருக்கிற பறவைக்கு இது வரப்பிரசாதம்.

ஆனா பாஸ், வி.ஆர். உங்க கையைத்தான் நிறுத்தும். ரெய்டரோட காலை நிறுத்தாது! ஓடுறவங்களையும் பறக்கிறதையும் உறைய வைக்க ஷட்டர் ஸ்பீடுதான் ஏறணும். அதுக்கு வெயில் வேணும், இல்லேன்னா ஐ.எஸ்.ஓ.வை ஏத்தணும்.

இப்போ முக்கியமான மேட்டர். இதே லென்ஸுக்கு ஒரு ட்வின் பிரதர் உண்டு. அதே 70-300, அதே எஃப் நம்பர், கிட்டத்தட்ட அதே உருவம். எடையில 15 கிராம்தான் குறைச்சல். ஆனா பேரோட கடைசியில 'வி.ஆர்.' இருக்காது. வி.ஆர். இருக்கிற அண்ணனுக்கும் உடம்புல ஸ்விட்ச் கிடையாது, எல்லாம் கேமரா மெனுவுலதான். அதனால ஸ்விட்ச்சைத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. எழுத்தைப் படிச்சால்தான் உண்டு. 'அதே லென்ஸ், ரெண்டாயிரம் மூவாயிரம் கம்மி' என்று யாராவது சொன்னா, அது தம்பியாங்கிறதை முதல்ல பாருங்க.

கேனான்லயும் இதே கதைதான். இ.எஃப் 75-300 எஃப்/4-5.6 மூன்றாம் பதிப்புல ஐ.எஸ். இல்லை. இ.எஃப்-எஸ் 55-250 எஃப்/4-5.6 ஐ.எஸ். எஸ்.டி.எம்-ல இருக்கு. '300 பெருசா, 250 பெருசா?' என்று கேட்டா எல்லாரும் 300-ஐத்தான் தூக்குவாங்க. ஆனா அந்த 50 எம்.எம். வித்தியாசத்தை ரெண்டு எட்டு முன்னால நடந்து சரிக்கட்டலாம். நடுங்கற கையை எங்கே போய் மாத்துறது?

ஏ.எஃப்-பி: யார் ஃபோகஸ் பண்றது?

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. நிக்கானோட பழைய லென்ஸ்கள்ல வெறும் 'ஏ.எஃப்' என்று இருக்கும். உள்ளே மோட்டார் இல்லை. கேமராவுல இருக்கிற மோட்டார்தான் லென்ஸைச் சுத்தணும். டி3500, டி5600 மாதிரி கேமராக்கள்ல அந்த மோட்டாரே கிடையாது. மாட்டினா அழகா மாட்டிக்கும், ஆனா ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. கபடி மேட்ச்ல கையால ஃபோகஸ் திருப்புறதுக்குள்ள ரெய்டு முடிஞ்சு ஆளே வீட்டுக்குப் போயிருப்பார்.

'ஏ.எஃப்-எஸ்', 'ஏ.எஃப்-பி' ரெண்டுலயும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கு. ஆனா ஏ.எஃப்-பி-லயும் ஒரு கொக்கி உண்டு. டி40, டி80, டி90 மாதிரி பழைய கேமராக்கள்ல அது ஒத்துழைக்காது. வளையத்தைக் கையால திருப்பினாலும் ஃபோகஸ் நகராது. அண்ணனோட பழைய டி90-ஐ வெச்சிருக்கிறவங்க உஷார்! கேனான்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. 1987-ல இ.எஃப் மவுண்ட் வந்ததிலிருந்தே ஆட்டோ ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளதான்.

மிச்ச எழுத்துகள்

டி.எக்ஸ்: சின்ன சென்ஸாருக்காகச் செய்தது. கேனான்ல இ.எஃப்-எஸ், சிக்மாவுல டி.சி., டாம்ரான்ல டி.ஐ. டூ. நாளைக்கு ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கற ஐடியா இருந்தா யோசிச்சுக்குங்க. இ.எஃப்-எஸ் லென்ஸ் கேனானின் ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆர்-ல மாட்டவே மாட்டாது.

ஜி: லென்ஸ்ல அப்பர்ச்சர் வளையம் இல்லை, கேமராவுலேயே மாத்திக்கலாம். கவலை வேண்டாம்.

இ.டி: ஸ்பெஷல் கண்ணாடி. வெள்ளை வானத்துக்கு முன்னால பறவையோட இறகு ஓரத்துல ஊதாக் கலர் கோடு வருமே, அதைக் குறைக்கும். கேனான்ல யு.டி., டாம்ரான்ல எல்.டி.

58 எம்.எம்: வட்டத்துல குறுக்குக் கோடு போட்ட குறியோட இருக்கும். இது ஃபில்டர் சைஸ். குவியத் தூரம்னு நினைச்சுக் குழம்பாதீங்க.

மேக்ரோ: சில 70-300 லென்ஸ்கள்ல இந்தப் பேரும் ஒட்டியிருக்கும். நிஜ மேக்ரோன்னா 1:1. இவை பெரும்பாலும் 1:2 வரைக்கும்தான். பட்டாம்பூச்சிக்கு ஓகே, எறும்போட கண்ணுக்கு நோ.

மிரர்லெஸ் வெச்சிருக்கீங்களா? மவுண்ட்தான் முதல் கேள்வி. கேனான்ல ஆர்.எஃப், நிக்கான்ல இசட், சோனியில இ. பழைய லென்ஸை அடாப்டர் வெச்சு மாட்டலாம். கேனான்ல இ.எஃப், இ.எஃப்-எஸ் ரெண்டுமே ஆட்டோ ஃபோகஸோட வேலை செய்யும். நிக்கானோட எஃப்.டி.இசட் அடாப்டர்லயும் ஏ.எஃப்-எஸ், ஏ.எஃப்-பி பிரச்னை இல்லை. மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப் லென்ஸுக்குத்தான் அங்கேயும் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது.

கடைக்குப் போகும்போது உங்க கேமராவைக் கையோட எடுத்துட்டுப் போங்க. மாட்டிப் பாருங்க. 300-ல வெச்சு, ஷட்டரைப் பாதி அழுத்தி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற போர்டைப் படிங்க. பழைய லென்ஸ்னா வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கான்னு பாருங்க. இருந்தா, விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

அப்புறம் கேள்வி கேட்கிற வரிசையை மாத்துங்க. 'எவ்வளவு தூரம் போகும்?' கடைசிக் கேள்வியா இருக்கட்டும். முதல்ல, 'என் கேமராவுல மாட்டுமா?' அடுத்தது, 'தானா ஃபோகஸ் ஆகுமா?' மூணாவது, 'கை நடுக்கத்தை அடக்குமா?' மூணுக்கும் 'ஆமா'ன்னு பதில் சொல்ல வேண்டியது கடைக்காரர் இல்லை, லென்ஸ் மேல இருக்கிற எழுத்து. அது சொல்லிடுச்சுன்னா தைரியமா உண்டியலை உடைங்க!

(அடுத்த வாரம்: ட்ரைபாட் வாங்க காசு இல்லையா? சுவரும் பையும் போதும்!)